குஸ்கோவில் மதியச் சாப்பாடு

கேள்வி: நானும் என் கணவரும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். முட்டை சாப்பிடுவோம், இறைச்சியும் மீனும் தொடமாட்டோம். வரும் ஜூன் மாதம் பெரு நாட்டுக்குச் சென்று, குஸ்கோவில் ஆறு நாள் தங்கி, மச்சு பிச்சுவையும் பார்த்துவர இருக்கிறோம். அங்கே எங்கே சாப்பிடுவது, எதைக் குடிப்பது? பெட்டி நிறைய உணவுப் பொட்டலங்களைக் கொண்டுபோகச் சொல்கிறாள் மகள்.
– வாசகி, கும்பகோணம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

மகளின் கவலை நியாயமானது. ஆனாலும் அவசரத்துக்கு இரண்டு மூன்று பொட்டலங்கள் போதும். உருளைக்கிழங்கும், தானியம்போலச் சமைக்கும் கினோவா விதையும் தோன்றிய மலைநாட்டில் நீங்கள் பட்டினி கிடக்கத் தேவையில்லை. எங்கே சாப்பிடுவது என்பதற்கு முன் எந்த வேளையில் சாப்பிடுவது என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள்.

குஸ்கோ ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உடல் அதற்குப் பழகும்வரை செரிமானம் மந்தமாகவே இருக்கும். முதன்முறை சென்றபோது, இரவில் கிழங்கும் பாலாடைக்கட்டியுமாக வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, விடியும்வரை மூச்சு வாங்கியபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். ஆகவே பெரிய சாப்பாட்டை மதியத்தில் வைத்துக்கொண்டு, முதல் சில நாட்களாவது இரவை ஒரு கிண்ணம் சூப்போடு முடித்துக்கொள்ளுங்கள். உள்ளூர்க்காரர்களுக்கும் மதிய உணவே முக்கியம் என்பதால், நல்ல சமையல் சூடாகக் கிடைப்பதும் அப்போதுதான்.

அந்தச் சாப்பாட்டுக்கு, நகரின் நடுச் சதுக்கத்திலிருந்து நடந்தே போகக்கூடிய சான் பெத்ரோ சந்தைக்குச் செல்லுங்கள். உள்ளூர் மக்கள் பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, ஆவி பறக்கும் பானையிலிருந்து அள்ளி ஊற்றும் கடையாகப் பார்த்து அமருங்கள். அத்தகைய கடையில் பானை சீக்கிரம் காலியாகிவிடும், பழையது தங்காது. சந்தையைச் சுற்றியுள்ள சிறு உணவகங்களில் 'மெனு டெல் தியா' என்ற பெயரில் சூப், சோற்றோடு ஒரு பதார்த்தம், ஒரு பானம் ஆகியவற்றைச் சேர்த்து ஒரே விலைக்குத் தருவார்கள்.

நீங்கள் கவனமாக இருக்க வேண்டியது சூப்பில்தான். கினோவா சூப்பில் ஒரு துண்டு இறைச்சிகூடக் கண்ணில் படாமல் இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் எலும்பு வேகவைத்த நீரில்தான் அதைச் செய்திருப்பார்கள். இறைச்சி வேண்டாம் என்று பொருள்படும் 'சின் கார்னே' என்பதை மட்டும் சொன்னால் கோழி வந்து சேரும், ஏனெனில் அங்கே பலரும் கோழியை இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. 'சின் கார்னே, சின் போயோ, சின் கால்தோ தே கார்னே' என்று இறைச்சி, கோழி, இறைச்சிச் சாறு மூன்றையும் விலக்கிச் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். பரங்கிக்காய், சோளம், கிழங்கு, பாலாடைக்கட்டி சேர்த்துக் குழைய வேகவைக்கும் 'லோக்ரோ தே சபாயோ', மொச்சையைப் போன்ற பச்சை அவரை விதையைப் பாலில் சமைக்கும் 'காப்சி' ஆகிய இரண்டையும் அவசியம் கேட்டு வாங்குங்கள். சைவம் கிடைக்காத ஊரில் 'சிஃபா' எனப்படும் சீன உணவகத்தில் முட்டைச் சோறு கேட்கலாம்.

மேசைமேல் சிறு கிண்ணத்தில் ஒரு துவையல் இருக்கும், 'உச்சுகுட்டா' என்பார்கள். கறுப்பு விதை கொண்ட ரொக்கோட்டோ மிளகாயையும் வக்காத்தாய் என்ற மணமுள்ள கீரையையும், அம்மியைப் போன்ற 'பத்தான்' கல்லில், பிறைவடிவக் குழவியை இப்படியும் அப்படியுமாகச் சாய்த்துச் சாய்த்து அரைப்பார்கள். நம் மிளகாய்க்கும் பூர்வீகம் அந்தக் கண்டம்தான் என்றாலும், ரொக்கோட்டோவின் காரம் வேறு வகை. நுனிக் கரண்டியில் தொடங்குங்கள்.

குழாய்த் தண்ணீரை வாய் கொப்பளிக்கவும் பயன்படுத்தாதீர்கள். ஐஸ் போட்ட எதையும் தவிருங்கள். ஊதாச் சோளத்தை அன்னாசித் தோல், பட்டை, கிராம்போடு கொதிக்கவைக்கும் 'சிச்சா மொராதா' மதுவல்ல. 'சிச்சா தே ஹோரா' புளிக்கவைத்த மது. சந்தையின் பழச்சாற்றுக் கடைகளில் தண்ணீர் சேர்க்காமல் ஆரஞ்சுச் சாற்றிலேயே அடித்துத் தரச் சொல்லுங்கள். டம்ளர் காலியானதும் 'யாபா' என்று மிச்சத்தை மறுபடி ஊற்றுவார்கள். நம் கொசுறுதான் அது. மாலையில் தள்ளுவண்டியில் விற்கும் 'எமோலியென்த்தே', பார்லியும் ஆளிவிதையும் மூலிகைகளும் கொதித்த சூடான பானம். டம்ளரை ஒரே வாளியில் அலசுவதால், உங்களுடையதைக் கையோடு கொண்டுபோங்கள்.

விடுதியில் இறங்கியதுமே, கொக்கெய்ன் எடுக்கப்படும் கோகா செடியின் இலையில் போட்ட தேநீர் தருவார்கள். பெருவில் அது சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. விரும்பினால் ஒரு கோப்பை அருந்தலாம். ஆனால் இந்தியாவில் கோகா இலை 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது. ஆகவே அந்தத் தேநீர்ப் பையில் ஒன்றுகூட, நினைவுக்காகவென்றாலும், ஊர் திரும்பும் பெட்டிக்குள் இருக்கக்கூடாது.