ஃப்ரெண்டு விட்டுட்டுப் போன கடை யாருக்குப் போகும்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: நண்பனோட மொபைல் கடையை அவன்கூட நின்னு நானும் பார்த்துக்கிட்டேன். திடீர்னு ஹார்ட் அட்டாக்ல போயிட்டான். "எனக்கப்புறம் கடை உனக்குத்தான்டா"ன்னு அவன் அனுப்பின வாய்ஸ் மெசேஜ் இருக்கு. போதுமா சார்? – ஈரோடு

போதாதுங்க. உங்க நண்பர் இந்துன்னா உயில் எழுத்துல இருக்கணும், எழுதினவர் கையெழுத்து, கூட ரெண்டு சாட்சி கையெழுத்து வேணும். உயில் இல்லாம போயிட்டா 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, பிள்ளைங்க, அம்மாவுக்குத்தான் சம பங்கு. பெத்த அப்பாவுக்கே அந்த முதல் வரிசையில இடம் கிடையாது, நண்பனுக்கு எங்க இருக்கும். தாசில்தார் ஆபீஸ்ல தர்ற வாரிசு சர்டிபிகேட்ல உங்க பேர் வரவே வராது. ஆனா கடைக்கு நீங்க கடனா பணம் போட்டிருந்தா அதை அவர் சொத்துல இருந்து கேட்கலாம். பேங்க் ஸ்டேட்மென்ட், ஜிபே ஹிஸ்டரி எல்லாம் இப்பவே எடுத்து வைங்க, பொதுவா மூணு வருஷம்தான் டைம்.

கேள்வி: இறந்துபோன நண்பர் எழுதின உயில் என் பேர்ல இருக்கு, ஆனா ரெஜிஸ்டர் பண்ணல, வெள்ளைப் பேப்பர்தான். செல்லாதுன்னு அவர் தம்பி மிரட்டுறார். – திண்டுக்கல்

ரெஜிஸ்ட்ரேஷன் கட்டாயம் இல்ல, ஸ்டாம்ப் பேப்பரும் வேண்டாம். பிரச்சினை வேற இடத்துல வரும். கேஸ்னு போனா ரெண்டு சாட்சியில ஒருத்தராவது கூண்டுல ஏறி "என் கண்ணு முன்னாடிதான் கையெழுத்து போட்டார்"னு சொல்லணும், அதனால முதல்ல அவங்க ரெண்டு பேரும் எங்க இருக்காங்கன்னு பாருங்க. அப்புறம் ஐசியுல இருக்கும்போது நீங்களே பேப்பர் ரெடி பண்ணி கையெழுத்து வாங்கியிருந்தீங்கன்னா கோர்ட் ரொம்ப சந்தேகமா பார்க்கும், அதுக்குப் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு உங்களுது.

கேள்வி: நண்பர் நடத்தின மெஸ்ஸை எனக்கு உயில் எழுதி வச்சிருக்கார், குடும்பத்துலயும் ஆட்சேபம் இல்ல. ஜிஎஸ்டி, ஃபுட் லைசென்ஸ் எல்லாம் அவர் பேர்ல இருக்கு. அப்படியே ஓட்டலாமா? – மதுரை

நிறைய பேர் தடுமாறுறது இங்கதான். "மெஸ்"னு நாம ஒரே வார்த்தையில சொல்லிடுறோம், சட்டத்துக்கு அது ஒரே பொருள் கிடையாது. கிரைண்டர், ஃப்ரிட்ஜ், பாத்திரம், சரக்கு, வரவேண்டிய பாக்கி இதெல்லாம் உயில் மூலமா உங்களுக்கு வரும். ஜிஎஸ்டி நம்பர் வராது, அது அவரோட பான் கார்டோட ஒட்டினது, நீங்க 30 நாளுக்குள்ள உங்க பேர்ல புதுசா அப்ளை பண்ணணும், அவரோடதை கேன்சல் பண்ண விண்ணப்பம் குடுக்கணும், மிச்சம் இருக்கிற இன்புட் கிரெடிட்டை (சரக்கு வாங்கும்போது கட்டின ஜிஎஸ்டியில கழிச்சுக்கிற பணம்) ஐடிசி-02 ஃபார்ம்ல மாத்திக்கலாம். இன்னொண்ணு, தொழிலை யார் தொடர்ந்து நடத்துறாங்களோ அவங்க தலையிலதான் பழைய ஜிஎஸ்டி பாக்கி, வட்டி, பெனால்டி எல்லாம் விழும், வாரிசா இல்லையான்னு கணக்கே இல்ல. ஃபுட் லைசென்ஸ் இறந்த தேதியில இருந்து 90 நாள் வரைக்கும் தாங்கும், அதிகாரி மனசு வச்சா கொஞ்சம் கூட. கட்டட ஓனர்கிட்ட உங்க பேர்ல புது அக்ரிமென்ட் போடுங்க, பழைய அட்வான்ஸ் யார் கணக்குல நிக்குதுன்னு அதுலயே எழுதிடுங்க.

முக்கியமா, கல்லாப்பெட்டி பக்கத்துல ஒட்டியிருக்கிற க்யூஆர் ஸ்டிக்கரை இன்னிக்கே கிழிச்சுடுங்க. நீங்க போடுற சாப்பாட்டுக்கு காசு இறந்தவர் அக்கவுண்டுக்குப் போய்க்கிட்டே இருக்கும், பேங்குக்கு விஷயம் தெரிஞ்சதும் லாக் பண்ணிடுவாங்க, அப்புறம் அதுல எது உங்க காசு எது அவர் காசுன்னு பிரிக்கிறதுக்குள்ள தாவு தீர்ந்துடும்.

கேள்வி: ரெண்டு பேரும் பாதிப் பாதி போட்டு ஹார்டுவேர் கடை. பார்ட்னர் தவறிட்டார். இனி கடை முழுசும் என்னுதுதானே? – சேலம்

இல்லவே இல்ல. ரெண்டே பார்ட்னர்னா ஒருத்தர் போனதும் ஃபர்ம் கலைஞ்சிடும், பார்ட்னர்ஷிப் பத்திரத்துல (டீட்) "தொடரும்"னு எழுதியிருந்தாலும் ஒத்த ஆள் பார்ட்னர்ஷிப் நடத்த முடியாது. கணக்கு முடிச்சு அவர் பங்கை வாரிசுங்ககிட்ட குடுக்கணும். குடுக்காம நீங்க பாட்டுக்கு ஓட்டினா அந்தக் காலத்து லாபத்துல ஒரு பங்கோ இல்ல அவர் பங்குத் தொகைக்கு வருஷம் 6% வட்டியோ அவங்க கேட்கலாம், எதுன்னு முடிவு பண்றது அவங்க, நீங்க இல்ல. பங்கை வாங்கிக்கிற உரிமை டீட்ல இருந்தா அதன்படி போகலாம். அவர் மனைவியையோ பையனையோ சேர்த்து புது டீட் போடுறது என்னைக் கேட்டா இன்னும் நல்லது.

கேள்வி: பாய் ஒருத்தர், நெருங்கிய நண்பர், டெய்லரிங் யூனிட் முழுசையும் எனக்கு எழுதி வச்சுட்டார். பிள்ளைங்க ஒத்துக்கல. – ஆம்பூர்

முஸ்லிம் சட்டப்படி அடக்கச் செலவு, கடன் எல்லாம் போக மிச்ச சொத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல உயில் எழுத முடியாது, மேல வேணும்னா வாரிசுங்க சம்மதிக்கணும். யூனிட்டோட மதிப்பு அந்த மூணுல ஒரு பங்குக்குள்ள அடங்குதான்னு பாருங்க, அடங்கினா முழுசா உங்களுக்கே.

கேள்வி: உயில்ல வந்த கடைக்கு இன்கம்டாக்ஸ் உண்டா? – கோவை

வந்ததுக்கு இல்ல. அவர் உயிரோட இருக்கும்போது கிஃப்டா குடுத்திருந்தா பணம், கட்டடம் மாதிரி சிலதுக்கு 50,000 ரூபாய்க்கு மேல போனதும் வரி வந்திருக்கும், ஏன்னா ஃப்ரெண்டு சொந்தக்காரர் லிஸ்ட்லயே இல்ல. கடையில வர்ற லாபத்துக்கு வழக்கம்போல கட்டணும்.

கேள்வி: கடையை ஏத்துக்கிட்டா அவர் கடனையும் நான் கட்டணுமா? – திருச்சி

மேல சொன்ன ஜிஎஸ்டி பாக்கி தவிர மத்த கடன் எல்லாம் வந்த சொத்தோட மதிப்பு வரைக்கும்தான். உங்க சொந்த வீட்டுல கை வைக்க முடியாது, நீங்க ஜாமீன் கையெழுத்து போட்டிருந்தா மட்டும் தப்பிக்க முடியாது. வேண்டாம்னு ஒதுங்கவும் உரிமை உண்டு. அதனால சாவியை வாங்குறதுக்கு முன்னாடி பேங்க் லோன், ஹோல்சேல் கடை பாக்கி, கைமாத்து எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதி, ஜிஎஸ்டி பாக்கியை ஆடிட்டரை விட்டு தனியா பார்க்கச் சொல்லுங்க.