சருகை வாருவதா, விட்டுவைப்பதா?

குளிர் விட்டு நாலு நாள் வெயில் அடித்தால் போதும், எனக்கு வரும் கடிதங்களின் நிறமே மாறிவிடும். பனிக்காலம் முழுக்க மாமியார், மருமகள், பிள்ளைகளின் பரீட்சை என்று வந்தவை, இப்போது மாமியார், மருமகள், மண்வெட்டி என்று வருகின்றன. தோட்டமும் குடும்பமும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்ட கேள்விகளாகப் பார்த்து இந்த முறை எடுத்திருக்கிறேன்.

கேள்வி: அக்கா, இரண்டு நாள் வெயிலைக் கண்டதும் என் கணவர் வாரியை எடுத்துக்கொண்டு கொல்லையில் இறங்கிவிடுகிறார். ஒரு சருகு மிச்சம் வைப்பதில்லை. "கொஞ்சம் பொறுங்கள், செடிக்கு அதுதான் போர்வை" என்றால், "சோம்பேறித்தனத்துக்கு நல்ல பேர் கண்டுபிடித்திருக்கிறாய்" என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: இந்தத் தடவை நீங்கள்தான். ஆனால் இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டி ஜெயித்துவிடாதீர்கள். அப்புறம் வாரியையே தொடமாட்டார், மொத்தக் கொல்லையும் உங்கள் தலையில் விழும்.

செடிப் பாத்தியில் கிடக்கும் சருகுக்கு அடியில் ஒரு கூட்டமே தூங்கிக்கொண்டிருக்கிறது. வண்ணத்துப்பூச்சிகளின் கூட்டுப்புழுக்கள், பொறிவண்டுகள், மண்ணில் பதுங்கிய பம்பிள்பீ என்ற குண்டுத் தேனீயின் ராணிகள் என்று பலதும் உண்டு. காய்ந்து உள்ளே பொந்தாக நிற்கும் தண்டுகளிலும் சிறு தேனீக்கள் இருக்கும். பகல் வெப்பம் பத்து டிகிரி செல்சியஸைத் தாண்டி, அது சில நாள் தொடர்ந்து நிலைத்த பிறகுதான் இவை எழுந்து வெளியே வரத் தொடங்கும். அதற்கு முன்னால் வாரி மூட்டை கட்டினால், அடுத்த மாதம் தளிரில் அசுவினிப் பூச்சி மொய்க்கும்போது அதைத் தின்ன வேண்டிய பொறிவண்டையும் நாமே குப்பையில் போட்டிருப்போம்.

உங்கள் கணவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. புல்தரையில் நனைந்து பாய்போல ஒட்டிக் கிடக்கும் சருகை எடுத்தே ஆகவேண்டும். எடுக்காவிட்டால் அடியில் புல் மூச்சுமுட்டி மஞ்சளாகும். ஆக, புல்தரை அவருக்கு, பாத்தி உங்களுக்கு. அவர் வாரியதைப் புதர்ச்செடிகளின் அடியில் தள்ளச் சொல்லுங்கள். மூட்டை கட்டும் வேலையும் மிச்சம்.

எங்கள் வீட்டில் இதே சண்டை பல வருடம் நடந்தது. கடைசியில் தண்ணீர்க் குழாயை நீளமாகப் போட்டு, "இந்தப் பக்கம் உங்கள் ராஜ்ஜியம், அந்தப் பக்கம் என்னுடையது" என்று எல்லை வகுத்தேன். ஒரு நாள் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், மனிதர் எல்லையைத் தாண்டிக் குந்தியிருக்கிறார். பிடித்துவிடலாம் என்று போனால், உள்ளங்கையில் சுருண்ட ஒரு சருகு. அதன் மடிப்புக்குள் ஏழெட்டுப் பொறிவண்டுகள், சிவப்பு மாதுளை முத்தை அள்ளி வைத்ததுபோல நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. ஒன்று மட்டும் ஒரு காலை மெல்ல நீட்டி மறுபடி மடக்கிக்கொண்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. எடுத்த இடத்திலேயே சருகை வைத்து, மேலே இன்னும் இரண்டு சருகைப் போட்டுவிட்டு எழுந்தார். எல்லையை இப்போதும் தாண்டத்தான் செய்கிறார். ஆனால் வாரியை அந்தப் பக்கமே விட்டுவிட்டு வருகிறார்.

கேள்வி: மண்ணை எப்போது கொத்தலாம்? எனக்குக் கை அரிக்கிறது.

பதில்: ஒரு பிடி மண்ணை அள்ளி இறுக்கிப் பிடியுங்கள். கையைத் திறந்து, அந்த உருண்டையை விரலால் லேசாக நிமிண்டுங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் மண்வெட்டியை எடுக்கலாம். களிமண்போல உருண்டையாகவே நின்றால் ஒரு வாரம் பொறுங்கள். ஈர மண்ணைக் கொத்தினாலும் மிதித்தாலும் அது காயும்போது கட்டி கட்டியாக இறுகிவிடும். காற்றும் வேரும் உள்ளே போக வழியிருக்காது. அந்த ஒரு வாரத்தில் கத்தரிக்குச் சாணை பிடியுங்கள், கை அரிப்பு அடங்கிவிடும்.

கேள்வி: என் மாமனாருக்கு 78 வயது. ஒவ்வொரு வருடமும் பனி விட்டதும் எல்லாப் புதர்ச்செடியையும் ஒரே மட்டமாக, பள்ளிக்கூடத்துப் பையனுக்கு முடிவெட்டியதுபோல வெட்டிவிடுவார். மூன்று வருடமாக எங்கள் லைலாக் பூக்கவே இல்லை. அவர் தோட்டத்தில் இறங்குவதே சந்தோஷம் என்பதால் சொல்ல வாய் வரவில்லை.

பதில்: பூக்காததற்குக் காரணம் அந்தக் கத்தரிதான். சந்தேகமில்லை. லைலாக், ஃபோர்சித்தியா மாதிரி இளவேனில் தொடங்கியதும் பூக்கும் செடிகள், இந்த வருடத்துப் பூவுக்கான மொட்டைப் போன கோடையிலேயே கட்டிவைத்துவிடும். குளிர் விட்டதும் நுனியை வெட்டினால் பூவையே வெட்டுகிறோம் என்று அர்த்தம். இவற்றைப் பூத்து முடிந்த கையோடு கவாத்து செய்யவேண்டும், அதுவும் அதிகம் தள்ளிப்போடாமல். புதுத் தளிரில் பூக்கும் ரோஜா வகைகளுக்குத்தான் இப்போது கத்தரி. கணுவில் மொட்டு பருத்துச் சிவக்கும்போது வெட்டலாம்.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது? சொல்லாதீர்கள். பேரப்பிள்ளை யாராவது இருந்தால், தாத்தாவோடு உட்கார்ந்து லைலாக்கின் நுனியில் இருக்கும் பருத்த மொட்டு ஒன்றை நகத்தால் நீளவாக்கில் பிளந்து பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே, திராட்சைக் கொத்தைக் குன்றிமணி அளவுக்குச் சுருக்கியதுபோலப் பச்சையாக ஒரு பூங்கொத்து இருக்கும். கண்ணால் பார்த்தபிறகு கத்தரி தானாகத் தயங்கும்.

அதோடு, அவர் கையிலிருந்து வேலையைப் பிடுங்காமல் வேறு வேலையைக் கொடுங்கள். "மாமா, ரோஜாவுக்கு உங்கள் கைதான் வேண்டும்" என்று நான் என் மாமனாரிடம் சொன்னேன். பாதி தந்திரமாகத்தான் சொன்னேன். ஆனால் கற்றுக்கொண்டது நான்தான். எது பட்ட கிளை, எது உயிருள்ள கிளை என்று எனக்குத் தெரியாது. அவர் கட்டைவிரல் நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டுவார். அடியில் பச்சை தெரிந்தால் விட்டுவிடுவார், பழுப்பாக இருந்தால் வெட்டுவார். வெளிப்பக்கம் பார்த்த மொட்டாகத் தேடி, அதற்கு அரை சென்டிமீட்டர் மேலே சாய்வாக ஒரே வெட்டு. "உள்ளே பார்த்த மொட்டுக்கு மேல் வெட்டினால் கிளை வீட்டுக்குள்ளேயே சண்டைபோடும்" என்பார். அவர் போய்ப் பல வருடம் ஆகிறது. நான் இன்னும் நகத்தால்தான் சுரண்டுகிறேன், நகம் எப்போதும் கறுப்பாகவே இருக்கிறது.

கேள்வி: என் ஏழு வயது மகள், மண்புழுவை இரண்டாக வெட்டினால் இரண்டு புழு ஆகுமா என்று கேட்கிறாள். செய்தும் பார்த்துவிடுவாள் போலிருக்கிறது!

பதில்: ஆகாது என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். சில வகைகளில், தடித்த வளையம் இருக்கிறதே, அதற்குப் பின்னால் வெட்டுப்பட்டால் தலைப்பக்கம் பிழைத்து, வாலை மறுபடி வளர்த்துக்கொள்ளலாம். வால்பக்கம் சற்றுநேரம் நெளியும், அவ்வளவுதான், செத்துப்போகும். அந்த நெளிவைப் பார்த்துத்தான் இந்தக் கதை கிளம்பியிருக்கும் என்பது என் எண்ணம்.

வெட்டுவதைவிடச் சுவாரசியமான சோதனை ஒன்று சொல்கிறேன். டார்வின் தன் கடைசிக் காலத்தில் மண்புழுவைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். வெளிவந்தது 1881இல். மண்தொட்டிகளில் புழுக்களை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு, அவற்றுக்குக் காது கேட்குமா என்று பார்க்கக் குடும்பத்தையே வேலை வாங்கியிருக்கிறார். விசில் ஊதினார்கள், பஸூன் என்ற பெரிய குழலை ஊதினார்கள், பக்கத்தில் பியானோ வாசித்தார்கள், கத்தினார்கள். புழுக்கள் கண்டுகொள்ளவே இல்லை. தொட்டியைத் தூக்கிப் பியானோவின் மேலேயே வைத்து ஒரு கட்டையைத் தட்டியதும் சட்டென்று வளைக்குள் போய்விட்டன. காது கிடையாது, அதிர்வு மட்டும் தெரியும். உங்கள் மகளிடம் ஒரு தொட்டியும் மேஜையும் கொடுங்கள். பியானோ இல்லாவிட்டால் விரலால் தட்டட்டும். வீட்டில் சத்தம் கொஞ்சம் கூடும், புழு பிழைக்கும். ஒரு ஏக்கர் நிலத்தில் ஆண்டுக்குப் பத்து டன்னுக்கு மேல் மண்ணைப் புழுக்கள் தின்று வெளியே தள்ளுகின்றன என்று அதே மனிதர் கணக்குப்போட்டார். அதையும் சொல்லுங்கள், மரியாதை வரும்.

கேள்வி: பனிக்காலம் முழுக்கக் கொட்டகையில் கிடந்த பெட்ரோல் புல்வெட்டி கிளம்ப மறுக்கிறது. கயிறு இழுத்து இழுத்துத் தோள் போய்விட்டது.

பதில்: பழைய பெட்ரோலை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். பல மாதம் கிடந்த பெட்ரோல்தான் பெரும்பாலும் குற்றவாளி. அப்புறம் காற்று வடிகட்டி, ஸ்பார்க் பிளக். அலகின் பக்கம் கை கொண்டுபோகும் முன் பிளக்கின் மேல் இருக்கும் ஒயரைக் கழற்றிவிட வேண்டும். இதில் மட்டும் நான் சிரிக்கமாட்டேன். ஓடும்போது பிள்ளைகள் வெளியே இருக்கக்கூடாது, கல்லைத் தூக்கி அடிக்கும். முதல் வெட்டில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். வெட்டிய துணுக்கை அப்படியே விட்டுவிடுங்கள், அது உரம்.

கேள்வி: பதினைந்து வயது மகன். தோட்டத்துக்குக் கூப்பிட்டால் வயிற்றுவலி, தலைவலி, பரீட்சை. சின்ன வயதில் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு மண்ணில் கிடந்தவன்தான் அக்கா இவன்.

பதில்: "வந்து கொஞ்சம் உதவி செய்" என்று கூப்பிட்டால் யார்தான் வருவார்கள்? அந்தக் கொஞ்சம் எங்கே முடியும் என்று அவனுக்குத் தெரியாது. நமக்கும் தெரியாது. அவனுடையது என்று ஒரு வேலையை முழுசாகக் கொடுத்துவிட்டு நீங்கள் வாயை மூடிக்கொள்ளவேண்டும். இரண்டாவதுதான் கஷ்டம்.

என் மகனுக்குப் பதினாலு வயதில் நான் கொடுத்தது உரக்குவியல். கூடவே நீளத் தண்டு வைத்த ஒரு வெப்பமானி. காய்ந்த சருகும் பச்சைக் குப்பையும் கலந்து, ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரம் இருக்கும்படி குவித்து, பிழிந்த துணிபோல ஈரம் வைத்தால் உள்ளே தானாகச் சூடேறும் என்று மட்டும் சொன்னேன். "எவ்வளவு?" என்றான். "அறுபது டிகிரி வரைக்கும் போகும்" என்றேன். நம்பவில்லை. மூன்றாம் நாள் காலை, பல்லுக்கூடத் தேய்க்காமல், தூங்கி எழுந்த சட்டையோடு கொல்லையில் நிற்கிறான். குளிர் இன்னும் முழுசாக விடவில்லை. அவன் கவைக்கோலால் குவியலைக் கிளறியதும் உள்ளிருந்து புகைபோல ஆவி கிளம்பியது. "அம்மா, ஐம்பத்தெட்டு!" என்று கத்தினான். பக்கத்து வீட்டில் யாருக்கோ காய்ச்சல் என்று நினைத்திருப்பார்கள். அப்புறம் சூடு இறங்கும்போதெல்லாம் அவனே புரட்டிப்போட்டான். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று அவனே சருகைச் சேர்த்தான். என் குப்பைக்கூடையில் எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்று எனக்கே சட்டம் சொன்னான்.

வாரியை மட்டும் கடைசிவரை தொடவில்லை. அதை நான் கேட்கவும் இல்லை.

கேள்வி: சனி, ஞாயிறு இரண்டு நாளும் எல்லோரும் தோட்டத்தில். சாயங்காலம் அவர்கள் "அப்பாடா" என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். எனக்கு அதற்குப் பிறகு சமையல், சேறு பிடித்த துணி, வாசல் முழுக்க மண். இடுப்பு விட்டுப்போகிறது. இளவேனில் என்றாலே பயமாக இருக்கிறது.

பதில்: இடுப்பைப் பற்றி முதலில். களை பறிக்கக் குனியாதீர்கள், ஒரு மெத்தென்ற துண்டைப் போட்டு முட்டிபோடுங்கள். அரை மணிக்கு ஒருமுறை வேலையை மாற்றுங்கள். மண்ணில் டெட்டனஸ் கிருமி இருக்கும். முள்ளோ கம்பியோ குத்துகிற காலம் இது. கடைசியாகத் தடுப்பூசி போட்டுப் பத்து வருடம் ஆகியிருந்தால் வீட்டில் எல்லோருமே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி முக்கியமான வலி. உங்கள் வீட்டில் தோட்ட வேலை ஐந்து மணிக்கு முடிகிறது என்று நினைக்கிறார்கள். முடிவதில்லை. மண்வெட்டியைக் கழுவி மாட்டுவதும், துணியை உதறி ஊறப்போடுவதும், வாசலைப் பெருக்குவதும் தோட்ட வேலைதான். வெள்ளிக்கிழமை இரவே ஒரு தாளில் "கவாத்து, களை, புல்" என்று எழுதும்போது, அதே கையெழுத்தில், அதே அளவில் "வாசல், துணி, சமையல்" என்றும் எழுதி, எல்லாவற்றுக்கும் எதிரே ஆள் போடுங்கள். உங்கள் பெயர் இரண்டு இடத்துக்கு மேல் வரக்கூடாது. நான்கு மணிக்கே கொல்லை வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். களை எங்கேயும் ஓடிவிடாது, அடுத்த வாரமும் அங்கேயேதான் இருக்கும், இன்னும் கொஞ்சம் உயரமாக.

எங்கள் பின்வாசலில் ஒரு வாளித் தண்ணீர், ஒரு தேய்ப்பான், ஒரு பழைய ஸ்டூல் இருக்கிறது. பூட்ஸைக் கழுவாமல் யாரும் படி ஏறக்கூடாது. முதல் வருடம் மூன்று பேரும் முணுமுணுத்தார்கள். இப்போது யார் முதலில் ஸ்டூலைப் பிடிப்பது என்று தகராறு. அதை நான் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன், எழுந்து போவதில்லை.