கண்டியின் கடைசி அரசரைத் தெரியும். அதே ஊர் ஓவியர் ஜார்ஜ் கீட் யார்?

வேலூர்க்காரர்களான நமக்குக் கண்டி என்றால், கோட்டையில் சிறையிருந்து 1832இல் இறந்த விக்கிரம ராஜசிங்கனும் பாலாற்றங்கரையில் அவர் நினைவிடமான முத்து மண்டபமும்தான். கீட் அதே கண்டியில் 1901இல், பறங்கியர் (இலங்கையில் ஐரோப்பியக் கலப்பு வழிவந்தவர்கள்) குடும்பத்தில் பிறந்தவர். படித்தது அங்குள்ள டிரினிட்டி கல்லூரியில். கிறிஸ்தவப் பின்னணிதான், ஆனால் மனம் பௌத்தத்திலும் பிறகு இந்துப் புராணங்களிலும் ஊறியது.

அவர் ஓவியத்தில் ஒரே முகம் பக்கவாட்டிலும் நேராகவும் தெரியும். இது பிக்காசோவிடமிருந்து வந்தது என்பார்கள். பாதிதான் உண்மை. வளைந்த இடை, பெரிய கண், அழுத்தமான கறுப்புக் கோடு எல்லாம் நம் சிற்ப மரபின் சாயல். ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களை நின்று நிதானமாகப் பார்த்துவிட்டு (கூட்டமில்லாத மதிய நேரம் உத்தமம்) கீட்டின் ராதை, கிருஷ்ணன் படங்களைப் பாருங்கள், புரியும்.

கொழும்பு பொரளையில் கோதமி விகாரைச் சுவரோவியங்களை 1939-40இல் தீட்டினார். என் கணிப்பில் அவைதான் உச்சம். ஜெயதேவரின் கீத கோவிந்தத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தவரும் இவரே. 1943இல் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் முதலானோருடன், இலங்கையின் நவீன ஓவியர் அமைப்பான '43 குழு'வைத் தொடங்கினார். 1993இல் மறைந்தார்.