நாரா போனால் ராத்திரி தங்குங்கள்

(வாசகர்களின் ஜப்பான் கேள்விகளுக்குப் பதில் எழுதுபவர் கோத்தகிரிக்காரர். தேயிலை பாக்டரியில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் ஒசாகாவில் வேலை பார்ப்பதால் அடிக்கடி அந்தப் பக்கம் போய் வருகிறார்.)

மே மாதம் மகன் எங்களை ஜப்பானுக்குக் கூட்டிப் போகிறான். கியோட்டோவில் தங்கிக்கொண்டு, அரை நாளில் நாரா போய்ப் பெரிய புத்தரைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்கிறான். போதுமா சார்?
– வாசகி, அருவங்காடு

போதாதும்மா. ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது என்பதால் எல்லாரும் உங்கள் மகனைப் போலத்தான் கணக்குப் போடுகிறார்கள். பத்து, பதினொரு மணிக்கு வந்து இறங்கி நாலு மணிக்குக் கிளம்பிவிடுவார்கள். அந்த நேரத்தில் போனால் மே மாத ஞாயிற்றுக்கிழமை ஊட்டி பொட்டானிக்கல் கார்டன் வாசலில் நிற்கிற மாதிரிதான் இருக்கும்.

நாராவிலேயே ஒரு ராத்திரி ரூம் போடச் சொல்லுங்கள். தோடாய்ஜி கோயிலின் புத்தர் மண்டபத்தை ஏப்ரல் முதல் அக்டோபர் வரை காலை 7.30-க்கே திறந்துவிடுகிறார்கள். முதல் ஆளாகப் போய் நில்லுங்கள். சாயங்காலம் மண்டபம் மூடியதும் ரூமுக்குத் திரும்பாமல், கிழக்கே மேட்டில் இருக்கிற, அதே கோயிலின் இன்னொரு மண்டபமான நிகட்சு-தோவுக்கு ஏறுங்கள். அதற்கு டிக்கெட் கிடையாது, ராத்திரியிலும் போகலாம். மரத் தாழ்வாரத்தில் நின்றால் புத்தர் மண்டபத்தின் கூரையும் அதைத் தாண்டி ஊர் முழுவதும் கீழே தெரியும். பகலில் போனால் பக்கத்து ஓய்வறையில் தேநீர் சும்மாவே கிடைக்கும். குடித்த கோப்பையை நாமே கழுவி வைக்க வேண்டும், அவ்வளவுதான். பால், சர்க்கரை கேட்காதீர்கள்.

தஞ்சாவூர்ப் பெரிய கோயிலைப் பார்த்தவனுக்கு ஒரு மர மண்டபத்தில் என்ன அதிசயம் இருக்கப் போகிறது?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், குன்னூர்

நல்லா கேட்டீங்க, சார். நம் கோயில் 1010-இல் கட்டியது, கல்லாகவே நிற்கிறது. தோடாய்ஜி அப்படி இல்லை, 1180-இலும் 1567-இலும் போரில் எரிந்துபோனது. ஷோமு சக்கரவர்த்தி 743-இல் ஆணையிட்டு வார்த்த வெண்கலப் புத்தர் தலையும் இழந்து, இரண்டாவது தீக்குப் பிறகு ஏறக்குறைய நூறு வருஷம் சரியான கூரையில்லாமல் மழையிலும் பனியிலும் உட்கார்ந்திருந்தார். இப்போதிருக்கிற தலை 17-ஆம் நூற்றாண்டில் வார்த்தது, மண்டபம் 1709-இல் முடித்தது. பழைய மண்டபம் 86 மீட்டர் அகலம். இது 57 மீட்டர்தான், அப்போது காசும் இல்லை, அத்தனை பெரிய மரமும் இல்லை.

உள்ளே போனதும் எல்லாரும் 15 மீட்டர் உயரப் புத்தரை அண்ணாந்து பார்ப்பார்கள். பார்த்த பிறகு தூண்கள் பக்கம் போங்கள். தூரத்தில் ஒரே மரம் மாதிரி தெரியும். கிட்டே போனால் நடுவில் ஒரு மரம், சுற்றிலும் பலகைத் துண்டுகளை வரிசையாக அடுக்கி இரும்புப் பட்டையால் இறுக்கியிருப்பது தெரியும். அடுக்கு விட்டுக் கொடுத்த இடைவெளியில் விரலை வைத்துப் பார்க்கலாம். காடு தீர்ந்துபோன தேசத்தில் ஆசாரிகள் எப்படிச் சமாளித்தார்கள் என்பது அந்தத் தூணில் இருக்கிறது. எனக்குப் புத்தரைவிட அதுதான் பிடித்தது, சொன்னால் மகள் திட்டுகிறாள்.

இன்னொன்று. 752-இல் அந்தப் புத்தருக்குக் கண் திறந்தவர் நம் தேசத்துத் துறவி, போதிசேனர். நம்மூரில் ஸ்தபதி தங்க ஊசியால் திறப்பார். அங்கே பெரிய தூரிகையால் கருமணி வரைந்தார்கள். தூரிகையில் நீண்ட நூலைக் கட்டி, கூடியிருந்தவர்கள் எல்லாம் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கண் திறந்த புண்ணியத்தில் எல்லாருக்கும் பங்கு! 1180 தீக்குப் பின் 1185-இல் மறுபடி கண் திறந்தபோதும் அதே தூரிகைதான். அதைக் கோயில் வளாகத்து ஷோசோயின் பண்டகசாலையில் இன்னும் வைத்திருக்கிறார்கள்.

எங்கள் ஊரில் காட்டுமாடு கடைத்தெருவுக்கே வருகிறது. நாரா மான்களை நம்பிக் குழந்தைகளை விடலாமா?
– வாசகர், கொடைக்கானல்

காட்டுமாட்டைக் கண்டால் ஒதுங்கி நிற்கிற புத்தி உங்கள் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே இருக்கும், அது போதும். ஆயிரத்துக்கு மேல் மான்கள், வேலி கிடையாது. கசுகா கோயில் சாமியின் தூதர்கள் என்பது ஐதிகம். தவிட்டில் செய்த பிஸ்கட் கட்டு விற்பார்கள், அதைத் தவிர வேறு எதையும் கொடுக்கக் கூடாது. மான் தலையை ஆட்டிக் கும்பிடும். அழகாக இருக்கிறது என்று போட்டோவுக்காகப் பிஸ்கட்டைக் காட்டிக் காட்டி ஏமாற்றினால் சட்டையைக் கடித்து இழுக்கும். தீர்ந்ததும் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டுங்கள், போய்விடும். மே, ஜூனில் குட்டி போட்ட மான் பக்கம் போகவே வேண்டாம். இலையுதிர் காலத்தில் ஆண் மான்களிடம் ஜாக்கிரதை.

மான் பார்த்த கையோடு கல்விளக்குகள் வரிசையாக நிற்கிற பாதையில் கசுகா கோயில் வரை நடந்துவிடுங்கள். கல்லும் வெண்கலமுமாகச் சுமார் 3,000 விளக்குகள். பின்னால் இருக்கிற மலைக்காட்டில் வேட்டையையும் மரம் வெட்டுவதையும் 841-லேயே தடை செய்துவிட்டார்கள். நாம் சோலையை வெட்டிச் சீகையும் யூகலிப்டஸும் நட்ட கதையை நினைத்தால் வயிறு எரிகிறது, விடுங்கள்.

அம்மாவுக்கு முட்டி வலி, சுத்த சைவம். சமாளிக்க முடியுமா?
– வாசகி, கூடலூர்

நடை பெரும்பாலும் சமதளம்தான், நிகட்சு-தோ மட்டும் ஏற்றம். புத்தர் மண்டபத்துக்கு வெளியே வலப்பக்கம், சிவப்புத் துணி போர்த்திய மரச் சிலை ஒன்று உட்கார்ந்திருக்கும், பின்சுரு. புத்தரின் சீடர் பிண்டோல பாரத்வாஜர்தான் அவர். நமக்கு எங்கே வலியோ, சிலையில் அங்கே தடவிவிட்டு நம் உடம்பிலும் தடவிக்கொள்வது வழக்கம். அம்மா முட்டியைத் தடவட்டும்.

சாப்பாடுதான் சிரமம். காய்கறிக் குழம்பிலும் நூடுல்ஸ் சாற்றிலும் மீன் சாறு கலந்திருக்கும். உப்பு ஊறுகாய்ப் பழம் வைத்த சோற்று உருண்டை பல கடைகளில் கிடைக்கும், அதிலும் மீன் கலந்திருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். துறவிகளின் சைவச் சாப்பாட்டை முன்கூட்டியே சொல்லி வைத்தால் நல்லது. பருப்புப் பொடியும் ஊறுகாயும் பெட்டியில் இருக்கட்டும்.

தேயிலைத் தோட்டம் ஏதாவது வழியில் உண்டா சார்?
– சிறு தேயிலை விவசாயி, கட்டபெட்டு

உண்டு தம்பி. கியோட்டோ–நாரா ரயில் பாதையிலேயே ஊஜி என்ற தேயிலை ஊர் இருக்கிறது. அங்கே 1053-இல் கட்டிய பியோதோ-இன் கோயில் மண்டபம்தான் பத்து யென் காசில் இருக்கிறது, அதையும் பார்த்துவிடலாம். தோட்டத்தில் உனக்கு முதலில் கண்ணில் படுவது கறுப்பு வலை. மாட்சா என்கிற பச்சைத் தேயிலைப் பொடிக்கான செடியைப் பறிப்பதற்கு முன் மூணு வாரம் போல மூடி வைக்கிறார்கள். வெயில் குறைந்தால் இலை கரும்பச்சையாகி, துவர்ப்பு அடங்கிவிடும். நம் பாக்டரியில் இலையை வாடவைத்து நசுக்கிப் புளிக்க விடுவோம். அங்கே பறித்த கையோடு ஆவி காட்டிப் புளிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அப்புறம் காயவைத்து, நரம்பை நீக்கி, கல் யந்திரத்தில் அரைப்பார்கள். மே ஆரம்பத்தில் போனால் புதுக் கொழுந்து வரும் நேரம். வாங்குவதாக இருந்தால் சின்ன டப்பாவாக வாங்கு, திறந்தபின் நிறமும் மணமும் சீக்கிரம் போய்விடும்.