‘ஹேவ்’ எப்போது ‘ஹேவிங்’ ஆகலாம்? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் பூர்வீக வீட்டில் சில அறைகளை விருந்தினருக்கு வாடகைக்கு விடுகிறோம். விளம்பரத்தில் ‘வீ ஆர் ஹேவிங் எய்ட் ரூம்ஸ்’ என்று எழுதினோம். தவறு என்கிறார்கள். ‘வீ ஆர் ஹேவிங் லஞ்ச்’ மட்டும் எப்படிச் சரியாகும்? – ஒரு வாசகி, கானாடுகாத்தான்

பதில்: நீங்கள் எழுதிய வாக்கியம் எந்தக் கேள்விக்கு விடை என்று பாருங்கள். ‘என்ன இருக்கிறது?’ என்பதற்கு விடையானால் ‘ஹேவ்’ அல்லது ‘ஹேஸ்’ மட்டுமே. ‘என்ன செய்கிறீர்கள்?’ என்பதற்கு விடையானால் ‘ஹேவிங்’ வரலாம். எட்டு அறைகள் இருப்பது ஒரு நிலை. மதியச் சாப்பாடு தொடங்கி முடியும் ஒரு செயல். ஆகவே ‘வீ ஹேவ் எய்ட் ரூம்ஸ்’. வளவை (வீட்டின் உள்முற்றத்தை)ப் பற்றி எழுதும்போதும் ‘தி ஹவுஸ் ஹேஸ் டூ கோர்ட்யார்ட்ஸ்’ என்றே எழுதுங்கள். ‘இஸ் ஹேவிங்’ வேண்டாம்.

இந்தப் பிழை நம்மிடம் இவ்வளவு பரவலாக இருப்பதில் தமிழுக்கும் பங்கு உண்டு. ‘வைத்திருக்கிறோம்’, ‘சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்’ இரண்டுமே ‘இருக்கிறோம்’ என்று முடிவதால், இரண்டுக்கும் ஒரே ஆங்கில வடிவத்தைப் போட்டுவிடுகிறோம். பேச்சில் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். வெளிநாட்டார் படிக்கும் விளம்பரத்தில் அது முதல் வரியிலேயே உறுத்தும்.

உடல்நலத்திலும் இதே விதிதான்: ‘ஐ ஹேவ் எ ஃபீவர்’, ‘ஐ ஆம் ஹேவிங் எ ஃபீவர்’ அல்ல. ஆனால் ‘வீ ஆர் ஹேவிங் ட்ரபிள் வித் தி வாட்டர் ஹீட்டர்’ சரி. அங்கே தொல்லை இப்போது நடந்துகொண்டிருக்கிறது. ‘வீ ஆர் ஹேவிங் எ வெட்டிங் ஹியர் திஸ் வீக்’ என்பதும் சரி, கல்யாணம் நடத்துவது செயல் என்பதால். ‘ஹேவிங் எய்ட் ரூம்ஸ், தி ஹவுஸ் கேன் டேக் எ லார்ஜ் ஃபேமிலி’ என்று வாக்கியத்தைத் தொடங்கினாலும் பிழையில்லை. அங்கே ‘ஆர்’ இல்லை. ‘எட்டு அறைகள் இருப்பதால்’ என்ற பொருளில் வருகிறது.

கேள்வி: ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கிறேன். சரக்கு ஏற்றியதும் வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் அனுப்புவேன். ‘வீ ஹேவ் டிஸ்பாட்ச்ட் தி டைல்ஸ் யெஸ்டர்டே’ சரியா, ‘வீ ஹேட் டிஸ்பாட்ச்ட்’ சரியா? – ஒரு வாசகர், ஆத்தங்குடி

பதில்: இரண்டும் வேண்டாம். நேற்று, திங்கள்கிழமை, 12ஆம் தேதி என்று முடிந்துபோன நேரத்தைக் குறிப்பிட்டால் வெறும் இறந்தகாலம் போதும்: ‘வீ டிஸ்பாட்ச்ட் தி டைல்ஸ் யெஸ்டர்டே.’ நேரத்தைச் சொல்லாதபோது ‘வீ ஹேவ் டிஸ்பாட்ச்ட் தி டைல்ஸ்’ மிகப் பொருத்தம். சரக்கு கிளம்பிவிட்டது என்ற இன்றைய நிலவரத்தை அது சொல்கிறது.

‘ஹேட்’ வர வேண்டுமானால் கடந்த காலத்தில் இன்னொரு நிகழ்ச்சி வேண்டும். ‘வீ ஹேட் பேக்ட் தி டைல்ஸ் பிஃபோர் யுவர் மெயில் கேம்’ என்பதில் முதலில் நடந்தது பேக்கிங், பிறகு வந்தது மெயில். தனியாக ‘வீ ஹேட் டிஸ்பாட்ச்ட்’ என்று எழுதி நிறுத்தினால், அதன்பின் ஏதோ ஆகிவிட்டது போலிருக்கிறதே என்று வாங்குபவர் குழம்புவார். மரியாதைக்காக ‘ஹேட்’ சேர்க்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அது வாக்கியத்துக்கு மரியாதை கூட்டுவதில்லை.

டைல்ஸ் தண்ணீரில் ஊறிக்கொண்டிருப்பதைத் தெரிவிக்க, ‘தி டைல்ஸ் ஆர் இன் வாட்டர் சின்ஸ் மண்டே’ என்று எழுதுகிறார்கள். ‘சின்ஸ்’ வந்தால் ‘ஹேவ் பீன்’ வேண்டும்: ‘தி டைல்ஸ் ஹேவ் பீன் இன் வாட்டர் சின்ஸ் மண்டே.’ தொடங்கிய நாளுக்குச் ‘சின்ஸ்’, கால அளவுக்கு ‘ஃபார்’. ‘சின்ஸ் த்ரீ டேஸ்’ கிடையாது, ‘ஃபார் த்ரீ டேஸ்’.

கேள்வி: ‘டஸ் தி ரூம் ஹேஸ் ஏசி?’ சரிதானா? – ஒரு மாணவி, காரைக்குடி

பதில்: இல்லை. ‘டஸ்’ வந்தபின் வினை மூல வடிவில் நிற்கும்: ‘டஸ் தி ரூம் ஹேவ் ஏசி?’ மறுக்கும்போது ‘இட் டஸ் நாட் ஹேவ்’. ‘டிட்’ வந்தாலும் அப்படியே: ‘டிட் யூ ஹேவ் பிரேக்ஃபாஸ்ட்?’, அங்கே ‘ஹேட்’ வராது.