செங்கல் அடுக்கப் பிடிக்குமா?

அன்புள்ள அண்ணா,

வணக்கம். எங்களுக்குத் திருவிடைமருதூர் பக்கம் ஒரு கிராமம். நான் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். தம்பி இந்த வருஷம் ப்ளஸ் டூ முடித்திருக்கிறான், பயோ மேத்ஸ். என்ன படிப்பது என்று அவனுக்கே தெரியவில்லை. ஒரு தனியார் மையத்தில் மூவாயிரம் ரூபாய் கட்டி கம்ப்யூட்டரில் டெஸ்ட் எழுத வைத்தோம். சமூக வகை 27, செய்முறை வகை 26, ஆய்வு வகை 25 என்று ரிப்போர்ட் வந்தது. அதனால் பிசியோதெரபி, நர்சிங் மாதிரி வேலைதான் இவனுக்குப் பொருந்தும், இன்ஜினியரிங் சரிப்படாது என்கிறார்கள். அப்பாவோ கோயம்புத்தூரில் ஒரு இன்ஜினியரிங் கல்லூரிக்கு முன்பணம் கட்டத் தயாராக இருக்கிறார். தம்பியைக் கேட்டால் ‘கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு’ என்கிறான். இதை நம்பலாமா?

ப.

அன்புள்ள தங்கைக்கு,

நம்பலாம், ஆனால் அது சொல்லாததையும் சேர்த்து நம்பிவிடக் கூடாது. நீங்கள் எழுதியிருக்கும் வகைப் பெயர்களைப் பார்த்தால், ஜான் ஹாலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959இல் முன்வைத்த கருத்தை ஒட்டிய டெஸ்ட் என்று தெரிகிறது. மனிதர்களின் விருப்பங்களையும் வேலைகளையும் ஒரே ஆறு வகையாக, அதாவது செய்முறை, ஆய்வு, கலை, சமூகம், தொழில்முனைவு, ஒழுங்குமுறை என்று பிரித்துக்கொண்டு இரண்டையும் பொருத்திப் பார்ப்பது. அமெரிக்கத் தொழிலாளர் துறை நடத்தும் ஓ-நெட் தளத்தில் இதே வகை டெஸ்ட், வகைக்கு 10 வீதம் 60 கேள்விகளோடு, இலவசமாகவே இருக்கிறது. எளிய ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த யாரும் செல்போனிலேயே செய்து பார்க்கலாம். மூவாயிரம் ரூபாய் போனது போகட்டும், இன்னொரு மையத்தில் இன்னொரு டெஸ்ட் என்று மட்டும் கிளம்பிவிடாதீர்கள்.

முதலில் அந்த எண்களைப் பாருங்கள். 27, 26, 25. ஒன்றிரண்டு கேள்விகளுக்கு ‘பரவாயில்லை’ என்பதற்குப் பதிலாக ‘பிடிக்கும்’ என்று தட்டியிருந்தால் வரிசை மாறியிருக்கும். ஒரு வகை 35 வந்து மற்றதெல்லாம் 15, 16இல் கிடந்தால் அது ஏதோ சொல்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். மூன்றும் ஒட்டிக்கொண்டு நிற்கும்போது, அவன் விருப்பம் இன்னும் ஒரு பக்கம் சாயவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். ‘இன்ஜினியரிங் சரிப்படாது’ என்ற வாக்கியத்தை அந்த எண்களிலிருந்து எடுக்கவே முடியாது, அது மையத்து ஆள் சொன்னது. செய்முறையும் ஆய்வும் சேர்ந்த இடத்தில்தான் இன்ஜினியரிங் வேலைகள் பலவும் இருக்கின்றன, உங்கள் தம்பிக்கு அந்த இரண்டும் 26, 25.

இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. அந்த 60 கேள்விகளில் என்ன கேட்கிறார்கள் தெரியுமா? சமையலறை அலமாரி செய்வது பிடிக்குமா, செங்கல் அடுக்குவது பிடிக்குமா, புது மருந்து உருவாக்குவது பிடிக்குமா, ஒருவருக்கு உடற்பயிற்சி சொல்லித்தருவது பிடிக்குமா, இப்படிப் போகும். தொடக்கத்திலேயே ஒரு குறிப்பும் இருக்கும்: அந்த வேலைக்கு உனக்குப் படிப்பு இருக்கிறதா, எவ்வளவு சம்பளம் வரும் என்பதையெல்லாம் நினைக்காமல் பதில் சொல். காவிரிப் படுகையில் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் நிலத்தை வைத்துக்கொண்டு, ஆற்றில் தண்ணீர் எப்போது வரும் என்று ஜூன் மாதம் முழுக்கப் பேசும் வீட்டில் வளர்ந்த பையன் அதை எப்படி நினைக்காமல் இருப்பான்? சித்தப்பா கொத்தனாராக இருந்து, மழைக்காலத்தில் வேலையில்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவன் செங்கல் என்றதும் ‘பிடிக்காது’ என்றுதான் தட்டுவான். அவன் சொல்வது கூலியைப் பற்றி, ஊர் கொத்தனாருக்குத் தரும் மரியாதையைப் பற்றி. கம்ப்யூட்டர் அதைக் கைவேலையில் ஆர்வமில்லை என்று எழுதிக்கொள்கிறது. புது மருந்து கேள்விக்கு ‘ரொம்பப் பிடிக்கும்’ என்று தட்டுவான், கேட்க நன்றாக இருக்கிறதே. ஆய்வுக்கூடத்தில் நாள் முழுக்க ஒரே அளவை எடுத்து எடுத்து எழுதும் ஆளை அவன் பார்த்ததே இல்லை.

பார்க்காத வேலைக்குப் பிடிக்கும், பிடிக்காது என்று பதில் சொல்லச் சொல்கிறோம், நம் பிள்ளைகள் விஷயத்தில் இதுதான் அடிப்படைக் கோளாறு. ஒன்று கேட்கிறேன். உங்கள் அப்பா குறுவைக்கு ஏ.டி.டி. 43 நெல் போட்டிருக்கலாம், 36 போட்டிருக்கலாம். அந்த ஏ.டி.டி. என்பது உங்கள் ஊருக்குப் பக்கத்து ஆடுதுறைதான் என்று தம்பிக்குத் தெரிந்திருக்கும். அங்கே 1922இலிருந்து நெல் ஆராய்ச்சி நடக்கிறது என்பதும், இரண்டு நெல்லை ஒட்டுச் சேர்த்து, தலைமுறை தலைமுறையாக வயலில் வளர்த்துக் கழித்துக் கட்டிப் புது ரகம் எடுப்பது ஒருவருடைய தினசரி வேலை, அதற்கு மாதச் சம்பளம் உண்டு என்பதும் தெரியுமா? வேளாண் பட்டப்படிப்பு, அதன் மேல் பயிர்ப் பெருக்கத்தில் முதுகலை என்று அதற்கு ஒரு வழி இருக்கிறது, பயோ மேத்ஸ் படித்த பையனுக்கு அந்த வாசல் திறந்துதான் கிடக்கிறது. தஞ்சாவூரிலேயே, நெல் பதனிடும் ஆராய்ச்சி மையமாகத் தொடங்கிய இடம் இன்று தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக நிஃப்டெம் என்ற பெயரில் பி.டெக். நடத்துகிறது. அப்பா கேட்கும் இன்ஜினியரிங்கும் அதுதான், வீட்டுக்குப் பக்கத்திலும் இருக்கிறது. அதற்கு ஜே.இ.இ. மெயின் எழுதியிருக்க வேண்டும், தம்பி எழுதினானா என்று கேளுங்கள்.

அதனால் அந்த ரிப்போர்ட்டைத் தூக்கிப் போட வேண்டாம். அதில் இருக்கும் தொழில் பட்டியலில் தம்பி மனசுக்குப் பட்ட மூன்றை மட்டும் குறித்துக்கொண்டு, அந்த வேலை செய்கிறவர்களை அவனே நேரில் போய்ப் பார்க்கட்டும். பிசியோதெரபி என்றால் கும்பகோணத்திலேயே ஆட்கள் இருக்கிறார்கள். பக்கவாதம் வந்த பெரியவர் ஒருவரின் கையை அரை மணி நேரம் பிடித்து, அவர் வலியில் திட்டத் திட்ட, நேற்று மடங்கிய விரல் இன்றைக்கும் மடங்குகிறதா என்று பார்க்கும் வேலை அது. ஒரு காலைப் பொழுது அனுமதி கேட்டு ஓரமாக உட்கார்ந்து பார்த்தால் போதும். முதல் சம்பளம் எவ்வளவு, எதற்காக இந்த வேலையை விட்டுவிடலாம் என்று தோன்றும், திரும்பப் படிப்பதென்றால் இதையே படிப்பீர்களா என்று கேட்கச் சொல்லுங்கள். வெட்கப்படுவான், முதல் ஆளிடம் நீங்கள் கூடப் போங்கள். மூன்று பேரையும் பார்த்துவிட்டு வந்தபின் அதே டெஸ்டை இலவசத் தளத்தில் இன்னொரு தடவை செய்யட்டும், அப்போது வரும் எண்களுக்கு எடை அதிகம்.

2022இல் தமிழக அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில், பள்ளிப் பிள்ளைகளுக்கு அடுத்து என்ன படிக்கலாம் என்ற வழிகாட்டல் உண்டு. பள்ளியில் அதைக் கவனிக்கும் ஆசிரியரைப் போய்ப் பாருங்கள், ரிசல்ட் வந்த பிறகும் அவர்கள் சொல்வார்கள்.

அப்பாவிடம் ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லுங்கள், கலந்தாய்வு முடியும்வரை எந்தக் கல்லூரிக்கும் முன்பணம் கட்ட வேண்டாம். பொறியியலுக்கும் வேளாண்மைக்கும் துணை மருத்துவப் படிப்புகளுக்கும் தனித்தனியாகக் கலந்தாய்வு நடக்கிறது, மூன்றுக்கும் விண்ணப்பித்து வைக்கலாம், ஒன்றுக்குப் போட்டதால் இன்னொன்று அடைபடாது. கட்டிய பணம்தான் பல வீடுகளில் பிள்ளையின் படிப்பை முடிவு செய்துவிடுகிறது, அதைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை.

அப்புறம், உங்களைப் பற்றி ஒரே வரி எழுதிவிட்டுத் தம்பிக்குப் போய்விட்டீர்கள். கடைக் கணக்கை எழுதுகிறவருக்கு அடுத்த படி என்று ஒன்று உண்டு. தஞ்சாவூர் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தில் உங்கள் பதிவு உயிரோடு இருக்கிறதா என்று ஆன்லைனில் பாருங்கள், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அங்கேயே தன்னார்வப் பயிலும் வட்டத்தில் அரசுத் தேர்வுகளுக்கு இலவச வகுப்பு நடத்துகிறார்கள். மத்திய அரசின் நேஷனல் கேரியர் சர்வீஸ் தளத்திலும் பதிந்து வையுங்கள், வேலை தேடுகிறவர்களிடம் அவர்கள் காசு வாங்குவதில்லை. பதியும்போது ‘கணக்கு’ என்று மட்டும் போடாமல் டேலி, ஜி.எஸ்.டி. பில், ஸ்டாக் என்று நீங்கள் தினமும் கையாளுவதை ஒன்றுவிடாமல் எழுதுங்கள், வேலை தருகிறவர்கள் அந்த வார்த்தைகளைப் போட்டுத்தான் தேடுகிறார்கள். பதிந்த பிறகு என்ன வந்தது என்று எனக்கு எழுதுங்கள், தம்பி யாரையெல்லாம் போய்ப் பார்த்தான் என்பதையும்.

அன்புடன்,
அண்ணன்