துருவேறிய அடுக்கு எஃகும் உலைப் பற்றவைப்பும்: கேள்வி பதில்

கேள்வி: உலையில் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்து ஒன்றாகப் பற்றவைத்துக் கத்தி செய்வதற்காக, 1084 ரக எஃகுத் தகடுகளையும் 15என்20 ரக எஃகுத் தகடுகளையும் மாற்றி மாற்றி ஏழு அடுக்காகக் கம்பியால் கட்டி வைத்தேன். மழையால் மூன்று வாரம் உலை மூட்டவில்லை. இப்போது ஓரங்களில் செந்துரு தெரிகிறது. வெங்காரம் (போராக்ஸ்) போட்டால் துரு கரைந்துவிடாதா?

பதில்: கட்டைப் பிரித்துவிடுங்கள். வெங்காரம் இரும்பு ஆக்சைடைக் கரைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது உலையில் புதிதாக உண்டாகும் மெல்லிய படலத்துக்கானது. மூன்று வாரத் துருவுக்கானது அன்று. உருகிய வெங்காரம் ஓரத்திலிருந்துதான் உள்ளே ஊர்ந்து செல்ல வேண்டும், இறுக்கிக் கட்டிய அடுக்கின் நடுப்பகுதியை அது எட்டுவது அரிது. எட்டினாலும், அளவுக்கு மீறி ஆக்சைடைக் குடித்த வெங்காரம் தடித்துப்போய், சம்மட்டி அடிக்கு வெளியே பீறிட்டு வராமல் உள்ளேயே தங்கி, கத்தியைத் தீட்டி அமிலத்தில் நனைக்கும் நாளில் கருங்கோடாக முகம் காட்டும். ஒவ்வொரு முகத்தையும் பளிச்சென்ற உலோகம் தெரியும்வரை சாணை பிடித்து, எண்ணெய்ப் பசை போகத் தின்னரால் துடைத்து, அன்றே அடுக்கி அன்றே உலையில் வையுங்கள். துரு அரித்த குழிகள் இருந்தால், குழியின் அடி மறையும்வரை தேய்க்க வேண்டும். தகடு அதற்குள் மெலிந்துவிடும் என்றால் அதை ஒதுக்கிவிடுங்கள்.

கேள்வி: சாணைக்குப் பதிலாக வினிகரில் ஊறவைக்கலாமா?

பதில்: தனித் தகடுகளை ஊறவைக்கலாம். ஆலையிலிருந்து வரும் கரும்படலம் ஓரிரவில் கழன்றுவிடும். பிறகு சமையல் சோடாக் கரைசலில் அலசி உடனே உலர்த்தாவிட்டால் சில நிமிடங்களில் புதுத்துரு பூக்கும். அடுக்கிய கட்டை மட்டும் ஊறவைக்காதீர்கள். இடுக்கில் புகுந்த அமிலம் வெளியே வராது. பட்டறைக்குள் உப்பு அமிலம் வேண்டவே வேண்டாம். அதன் ஆவி பட்ட குறடும் வைஸும் துருப்பிடிக்கும்.

கேள்வி: என் தாத்தா துருப்பிடித்த இரும்பை ஆற்று மணலைத் தூவியே பற்றவைத்தார். சாணையும் இல்லை, வெங்காரமும் இல்லை. நீங்கள் தேவையில்லாமல் பயமுறுத்துகிறீர்கள்.

பதில்: தாத்தா செய்தது சரி, நீங்கள் செய்யப்போவதுதான் தவறு. அவர் கையில் இருந்தது கார்பன் குறைந்த தேனிரும்பாக இருந்திருக்கும். மணலிலுள்ள சிலிக்கா இரும்பு ஆக்சைடுடன் சேர்ந்து, ஏறத்தாழ 1,200 டிகிரியில் உருகும் கசடாக மாறி ஓடிவிடும். தேனிரும்பு அந்தச் சூட்டையும், அதற்கு மேல் வெண்சூட்டையும் தாங்கும். கொஞ்சம் அழுக்கு மிஞ்சினாலும் மண்வெட்டிக்குக் குறையில்லை. 0.8 விழுக்காடு கார்பன் உள்ள உங்கள் எஃகை அந்த வெண்சூட்டுக்கு ஏற்றினால் பொறி தெறித்துக் கருகிவிடும். வெங்காரமோ நீர் வற்றியபின் 740 டிகிரி அளவிலேயே உருகுவதால், எஃகு செஞ்சூட்டில் இருக்கும்போதே அதைப் போர்த்திக் காக்கிறது. மணலை நான் குறைசொல்லவில்லை. அது வேறு இரும்புக்கான மருந்து.

கேள்வி: தேனிரும்பு இன்று கிடைக்காது, தாத்தா பயன்படுத்தியது லாரிப் பட்டைவில் (லீஃப் ஸ்பிரிங்). அதிலும் மணல்தான் போட்டார்.

பதில்: பட்டைவில்லை வெட்டு முனையாக வைத்து மெல்லிரும்போடு பற்றவைத்திருப்பார். இரண்டே முகங்கள், ஒரே இணைப்பு. இரும்பை வெண்சூட்டுக்கும் பட்டைவில்லை அதற்குக் குறைந்த சூட்டுக்கும் தனித்தனியே ஏற்றிச் சேர்க்கும் கைப்பழக்கம் அவருக்கு இருந்திருக்கும். உங்கள் ஏழு தகட்டில் ஆறு இணைப்புகள். வெட்டி அடுக்கி மீண்டும் பற்றவைக்கும்போது அவை பெருகும். ஒன்றில் தங்கிய துரு எல்லா அடுக்கையும் கெடுக்கும்.

கேள்வி: வெங்காரத்தை இரட்டிப்பாகப் போட்டால்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ஓரம் முழுவதையும் ஆர்க் வெல்டிங்கால் மூடிவிட்டால் வெங்காரமே வேண்டாம் என்கிறார்களே?

பதில்: வேண்டாம்தான். ஆனால் கரைக்க எதுவும் இல்லாததால் உள்ளே வைத்து மூடிய துரு உள்ளேயே இருக்கும். இம்முறைக்குத்தான் சுத்தம் மிக அதிகம் வேண்டும்.

கேள்வி: பழைய தகரக் கூரையில் வெள்ளைத் துரு படிந்திருக்கிறது. அதை அடுக்கலாமா?

பதில்: கூடாது. அது துத்தநாகப் பூச்சு. உலையில் எழும் அதன் புகை காய்ச்சலையும் நடுக்கத்தையும் தரும்.

கேள்வி: டமாஸ்கஸ் வாளும், ஈரோடு மாவட்டத்து அகழாய்வு இடமான கொடுமணலின் உருக்கும் இந்த அடுக்கு எஃகுதானே?

பதில்: இல்லை. அது மூசையில், அதாவது சூடு தாங்கும் மண்கலத்தில், உருக்கிய எஃகு. அடுக்கே இல்லாததால் இடைத்துருவும் இல்லை. அதைத் தனியாகக் கேளுங்கள்.

கேள்வி: பூச்சு உரிந்து செந்துரு தெரியும் தகரக் குழாய் என்றால்?

பதில்: மறுபடியும் தகரமா? ஓரிடத்தில் உரிந்தாலும் மற்ற இடத்தில் துத்தநாகம் இருக்கும். குழாயை உலைப் பக்கமே கொண்டுவராதீர்கள்.